படவிளக்கமும் மாற்று உரையும்: விக்கிக் குறிமொழியில் எந்த வழி தகும்?

புதிதாக ஒரு விக்கியை (பலர் கூடித் தொகுக்கும் வலைத்தளத்தை) நிறுவுவோரும், நடப்பிலிருக்கும் விக்கியின் வார்ப்புருக்களை, அதாவது பல பக்கங்களில் மீண்டும் பயன்படும் அச்சுகளை, சீர்செய்வோரும் படங்களுக்கான குறிமொழியைப் பற்றி, அதாவது பக்கத்தின் அமைப்பைக் காட்ட உரைக்கிடையே இடும் குறிகளைப் பற்றி, ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். படத்தின் கீழே எல்லோர் கண்ணிலும் படும் படவிளக்கத்தை எங்கே எழுதுவது, படத்தைக் காண இயலாதவருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் மாற்று உரையை எங்கே எழுதுவது, இவ்விரண்டில் ஒன்று விடுபட்டால் மென்பொருள் என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகள் அந்த முடிவுக்குள் அடங்கியிருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஒவ்வொரு விக்கி மென்பொருளும் ஏதோ ஒரு விடையை வைத்திருக்கிறது. மூன்றாவதைத்தான் பெரும்பாலானவை போகிற போக்கில் தீர்த்துவிட்டன. நல்ல குறிமொழி எது, குறையுள்ளது எது என்பதை அந்த மூன்றாவது கேள்வியே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாகப் பாம்பனின் பழைய ரயில் பாலத்தைக் காட்டும் ஒரு நிழற்படத்தைக் கொள்வோம். 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக இரு பக்கமும் மேலெழும் ஷெர்சர் தூக்குப்பகுதி அமைக்கப்பட்டிருந்தது. படத்தில் அந்தப் பகுதி திறந்து நிற்கிறது, நடுவே ஒரு கலம் கடந்து செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் படவிளக்கம் எழுதுபவர் ‘கப்பல் போக்குவரத்துக்காகத் திறக்கப்பட்ட ஷெர்சர் தூக்குப்பகுதி’ என்று எழுதுவார். படத்தைப் பார்க்கிறவருக்கும் தெரியாத ஒன்றை, அதாவது அந்தப் பகுதியின் பெயரையும் அது திறந்ததன் காரணத்தையும், அது சொல்கிறது. மாற்று உரை எழுதுபவர் ‘பாலத்தின் நடுவில் இரும்புச் சட்டகங்கள் இரண்டு எதிரெதிரே மேல்நோக்கி உயர்ந்து நிற்கின்றன, இடைவெளி வழியே ஒரு சரக்குக் கலம் செல்கிறது’ என்று எழுதுவார். பார்க்கிறவருக்கு ஏற்கனவே தெரிந்ததை, பார்க்க இயலாதவருக்கு அது சொல்கிறது. படவிளக்கத்தை மாற்று உரையின் இடத்தில் வைத்தால் பார்வையற்ற வாசகர் ஒரே வாக்கியத்தை இருமுறை கேட்பார். படத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மாற்று உரையைப் படவிளக்கமாக வைத்தாலோ, கண்ணெதிரே தெரிவதையே எழுத்திலும் படிக்க வேண்டிய சலிப்பு மற்ற வாசகர்களுக்கு ஏற்படும்.

உலாவியின் பக்கம் நின்று பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு உறுப்புகள். படவிளக்கம் பக்கத்தின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதி. 2014இல் பரிந்துரையாக வெளிவந்த வலைப்பக்க மொழியான எச்.டி.எம்.எல்.5 அதற்கென்று தனிக் கூறு தந்தது. அதற்குள் இணைப்பு, சாய்வெழுத்து, மேற்கோள் எண் எல்லாவற்றையும் வைக்கலாம். மாற்று உரையோ படக் கூறின் ஒரு பண்பு மட்டுமே என்பதால் வெறும் எழுத்துகளைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. இடையில் வரும் ஓர் ஆங்கிலத் தொடரை ‘இது ஆங்கிலம்’ என்று குறித்து, திரைவாசிப்பானின் குரலை மாற்றச் சொல்வதற்கும் அங்கே வழியில்லை. மாற்று உரைக்கு எச்.டி.எம்.எல். தர ஆவணம் வைக்கும் அளவுகோல் எளியது: படங்களை எடுத்துவிட்டு அந்தந்த இடத்தில் மாற்று உரையை வைத்தால் பக்கத்தின் பொருள் மாறக் கூடாது. தொலைபேசியில் ஒருவருக்கு அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்வதாக எண்ணிக்கொள்வது இதற்கு ஒரு வழி என்றும் அதே ஆவணம் கூறுகிறது.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கீழே தரும் குறிமொழி எடுத்துக்காட்டுகளில் குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் பட விருப்பங்களுக்கான குறிச்சொற்களை மொழிவாரியாக அமைத்துக்கொள்ள இடமுண்டு. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே தங்கள் மொழிச் சொற்களைப் பயன்படுத்துகின்றனர்.

ஒரே உரை, இரு வேலை

மிகப் பழையதும் மிக எளியதுமான வழி, படத்தின் பெயரை அடுத்து ஒரே ஓர் உரைக்கு மட்டும் இடம் தருவது. வெவ்வேறு விக்கி மென்பொருள்களுக்குப் பொதுவான குறிமொழி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தோடு 2006இல் டென்மார்க்கின் ஓடன்சேயில் கூடிய விக்கிசிம் கருத்தரங்கில் பேச்செடுக்கப்பட்டு, 2007இல் 1.0 பதிப்பாக உறுதிசெய்யப்பட்ட விக்கிகிரியோல் இந்த வழியையே எடுத்துக்கொண்டது:

{{பாம்பன்.படம்|தூக்குப்பகுதி திறந்த நிலையில்}}

டோக்குவிக்கி என்னும் விக்கி மென்பொருளின் வடிவமும் கிட்டத்தட்ட இதுவே. அங்கே குத்துக்கோட்டுக்குப் பின் எழுதும் உரை, சுட்டியை மேலே கொண்டுசென்றால் தோன்றும் குறிப்பாகவும் மாற்று உரையாகவும் ஒருசேரப் போகிறது. படத்தின் கீழே நிலையாக நிற்கும் படவிளக்கம் வேண்டுமென்றால் கூடுதல் வசதி சேர்க்கும் செருகுநிரலைத்தான் நாட வேண்டும். 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் எளிய குறிமொழியில், சதுர அடைப்புக்குள் எழுதுவது மாற்று உரை. மேற்கோள் குறிக்குள் எழுதுவது சுட்டிக் குறிப்பு. படவிளக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. மார்க்டவுனை அடிப்படையாகக் கொண்ட விக்கிகளில் எழுதுவோர் படத்தை அடுத்த வரியில் ஒரு சாய்வெழுத்து வாக்கியத்தைப் போட்டு அதைப் படவிளக்கமாகக் கருதிக்கொள்கின்றனர். பார்வைக்கு அது படவிளக்கம் போலத்தான் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்துக்கும் படத்துக்கும் உறவு உண்டு என்று மென்பொருளுக்குச் சொல்வது எதுவும் அங்கே இல்லை.

இந்தக் குறையை ஈடுகட்ட முயன்ற பான்டாக் என்னும் ஆவண மாற்றி, ஒரு பத்தியில் படம் மட்டும் தனியாக நின்றால் அதன் சதுர அடைப்பு உரையைப் படவிளக்கமாகவும் காட்டும் என்று விதி வகுத்தது. உடனே அடுத்த சிக்கல் எழுந்தது: ஒரே உரை இரண்டு இடத்திலும் இருப்பதால் திரைவாசிப்பான் இருமுறை படிக்கும். அதைத் தவிர்க்க, படவிளக்கக் கூறைத் திரைவாசிப்பானிடமிருந்து மறைக்கும் குறியை அது சேர்த்தது. இருமுறை படிப்பது அதனால் நின்றது. ஆனால் படவிளக்கத்துக்குள் ஓர் இணைப்பு இருந்தால், பார்வையுள்ளவருக்கு அது தெரியும், திரைவாசிப்பானில் கேட்பவருக்கு அது படவிளக்கத்தின் பகுதியாக வந்து சேராது. பான்டாக்கை எழுதியவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். இரண்டு உரை தேவைப்படும் இடத்தில் ஓர் உரைக்கு மட்டும் இடம் தந்த குறிமொழியை எவ்வளவு அக்கறையோடு ஒட்டுப்போட்டாலும் ஓர் ஓரம் கிழிந்தே நிற்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு சிறு குழு தன் உள்வேலைக் குறிப்புகளுக்கு வைத்திருக்கும் விக்கியில் இந்த வழி போதும். பொதுமக்கள் படிக்கும் கலைக்களஞ்சியத்துக்கு இது போதாது.

மீடியாவிக்கியின் வழி

மீடியாவிக்கியில் கோப்பின் பெயருக்குப் பின் குத்துக்கோடுகளால் பிரிக்கப்பட்ட விருப்பங்கள் வருகின்றன:

[[படிமம்:பாம்பன்.படம்|சிறுபடம்|வலது|மாற்று=இரும்புச் சட்டகங்கள் இரண்டு மேலுயர்ந்து நிற்கின்றன|திறக்கப்பட்ட ஷெர்சர் தூக்குப்பகுதி]]

மாற்று உரைக்கான தனி விருப்பம் 2009இல் வெளிவந்த 1.14 பதிப்பில் கிடைத்தது. விக்கிப்பீடியா தொடங்கியதோ 2001இல். தமிழ் விக்கிப்பீடியா 2003இல். ஒவ்வோர் உரையல்லாக் கூறுக்கும் உரை வடிவில் ஈடு தர வேண்டும் என்று வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு (W3C) தன் முதல் அணுகுதன்மை வழிகாட்டியில் 1999இலேயே சொல்லியிருந்தும், குறிமொழி பழகி நிலைத்த பிறகுதான் அதற்கான இடம் வந்து சேர்ந்தது. விக்கியர் கையில் பழகிப்போன வடிவத்தில் மாற்று உரை ஒரு பிற்சேர்க்கையாகவே இன்றும் இருக்கிறது.

இந்த வடிவத்தின் சிறப்பு, படவிளக்கத்துக்குள் விக்கிக் குறிமொழி முழுவதையும் எழுத இடம் தருவது. இணைப்பும் மேற்கோளும் தடையின்றி வருகின்றன. இரண்டு உரைகளும் தனித்தனி என்பதால் இருமுறை படிக்கும் சிக்கலும் இல்லை. குறிமொழி தெரியாமலே பக்கத்தைத் தொகுக்க உதவும் காட்சித் தொகுப்பியில் படத்தைச் செருகும்போது படவிளக்கத்துக்கும் மாற்று உரைக்கும் தனித்தனிப் பெட்டிகள் வருவதும் இந்தப் பிரிவினால்தான் சாத்தியமாயிற்று.

குறை எங்கே என்றால், படவிளக்கத்துக்குப் பெயர் இல்லை. மென்பொருள் அறிந்த விருப்பமாக இல்லாத எதுவும் படவிளக்கம் என்று கொள்ளப்படுகிறது. அப்படிப்பட்டவை ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாக நிற்பதே வெல்லும், மற்றவை ஓசையின்றி மறைந்துவிடும். மாற்று என்ற குறிச்சொல்லை ஒருவர் எழுத்துப்பிழையோடு எழுதினாலோ, மென்பொருளில் பதிவாகாத ஒரு தமிழ்ச் சொல்லை நல்லெண்ணத்தோடு அங்கே இட்டாலோ, அவர் சிரத்தையுடன் எழுதிய மாற்று உரை பக்கத்தில் எங்குமே வராது. முன்தோற்றத்தில் பக்கம் சரியாகவே காட்சியளிக்கும். எழுதியவர் தம் கடமை முடிந்ததென்று சேமித்துவிட்டுப் போவார். இத்தகைய விருப்பங்களைத் தேடிப் பட்டியலிடும் பிழைகாட்டி நீட்சி இப்போது உண்டு. ஆனால் அது சேமித்த பிறகு, தேடிப் போகிறவருக்கு மட்டும் தெரிவது. எழுதும் கணத்தில் எழுதுபவருக்குத் தெரிவிக்காத குறிமொழியை, தமிழ்க் குறிச்சொற்களோடு நடத்தும் விக்கிகள் குறிப்பாக அஞ்ச வேண்டும். நமக்கு ஒரே கருத்துக்குப் பல சொற்கள் கைவசம் இருக்கின்றன. எது பதிவான சொல் என்று நினைவில் வைப்பது புதியவருக்கு எளிதன்று.

மாற்று உரை விடுபட்டால் மீடியாவிக்கி செய்வது இதைவிடச் சிக்கலானது. சட்டமின்றி வரிக்குள் நிற்கும் படமாக இருந்தால், படவிளக்கத்திலிருந்து வடிவமைப்பை நீக்கிவிட்டு அதையே மாற்று உரையாக எடுத்துக்கொள்கிறது. சிறுபடமாகவோ சட்டமிட்ட படமாகவோ இருந்தால் அவ்வாறு எடுப்பதில்லை. படவிளக்கம் எப்படியும் கீழே படிக்கப்படும் என்பது அதன் காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் மீடியாவிக்கியில் ஒவ்வொரு படமும் தன் கோப்புப் பக்கத்துக்கு இணைப்பாகவும் இருக்கிறது. பெயரில்லாத ஓர் இணைப்பைச் சந்திக்கும் திரைவாசிப்பான்கள் பலவும் அதன் முகவரியையோ கோப்பின் பெயரையோ படிக்கத் தொடங்கும். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் நிலை இன்னும் மோசமாகும். வலையில் வழங்கும் யூனிகோடின் UTF-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் துணைக்காலும் உட்பட, மூன்று பைட்டுகள் எடுக்கிறது. முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியாகவும் இரண்டு பதினறும இலக்கங்களாகவும் மாறுகிறது. ஆகவே ‘பாம்பன்’ என்னும் சொல்லின் 7 குறிகள் முகவரியில் 63 எழுத்துகளாக விரிகின்றன. அந்த முகவரியைக் குறிவிலக்காமல் அப்படியே உச்சரிக்கும் கருவியில், ஒரு படத்தைக் கடப்பதற்குள் கேட்பவர் கட்டுரையின் தொடர்ச்சியையே இழந்துவிடுவார்.

அலங்காரப் படங்களுக்கும் இதே தொல்லை உண்டு. குறுங்கட்டுரை வார்ப்புருவில் வரும் சிறு சின்னம் வாசகருக்கு எதையும் புதிதாகச் சொல்வதில்லை. அதைத் திரைவாசிப்பான் தாண்டிச் செல்வதே நல்லது. அதற்கு மாற்று உரையை வெறுமையாக விட்டால் மட்டும் போதாது, இணைப்பையும் நீக்க வேண்டும். ஆனால் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிடக் கோரும் கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் உள்ள படமாயின், அந்தக் கோப்புப் பக்க இணைப்புதான் பெயர் குறிப்பிடும் கடமையை நிறைவேற்றுகிறது. அதை நீக்குவது உரிமத்தோடு மோதும். எனவே பொது உரிமைப் பரப்பிலுள்ள சின்னங்களை மட்டும் அலங்காரத்துக்குப் பயன்படுத்துவது என்று விக்கியின் தொடக்கத்திலேயே விதி வகுத்துக்கொள்வது நல்லது.

தனித்தனிப் பெயர், தனித்தனி இடம்

மூன்றாவது வழியை விக்கிகளைவிட ஆவண மொழிகள் தெளிவாகக் கையாண்டிருக்கின்றன. ரெஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டில் படம் வேறு, விளக்கத்தோடு கூடிய படம் வேறு என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. மாற்று உரை பெயரிட்ட தனி வரியில் வரும். கட்டளையின் உடலில் முதல் பத்தி படவிளக்கமாகும். அடுத்த பத்திகள் விரிவான குறிப்பாகும். ஆஸ்கிடாக்கில் படத்துக்கு மேலே புள்ளியில் தொடங்கும் வரி படவிளக்கம். சதுர அடைப்புக்குள் முதலில் வருவது மாற்று உரை. விக்கி மென்பொருள்களுள் பி.எம்.விக்கி, படத்தின் முகவரியை ஒட்டி மேற்கோள் குறிக்குள் மாற்று உரையையும், குத்துக்கோட்டுக்குப் பின் படவிளக்கத்தையும் வைக்கிறது. இவற்றில் எழுதுபவர் எந்த உரையை எங்கே வைத்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

எனினும் விடுபட்டால் என்ன என்ற கேள்வியில் இவையும் தடுக்கி விழுகின்றன. ஆஸ்கிடாக்கின் செயற்படுத்தியான ஆஸ்கிடாக்டர், மாற்று உரை இல்லையென்றால் கோப்பின் பெயரிலுள்ள இணைகோடுகளை இடைவெளியாக்கி அதையே மாற்று உரையாக வைக்கிறது. ரெஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்டின் கருவி படத்தின் முகவரியையே வைக்கிறது. கோப்புக்குப் பொருத்தமான பெயர் இருந்தால் இதனால் சற்றுப் பயன் உண்டு. கேமரா தானாக இட்ட எழுத்தும் எண்ணும் கலந்த பெயராக இருந்தால் எந்தப் பயனும் இல்லை. இவ்வாறு இட்டு நிரப்புவதில் பெருந்தீங்கு வேறொன்று: பக்கத்தைச் சோதிக்கும் கருவிக்கு, மாற்று உரை இருப்பதாகவே தோன்றும். குறை இருந்தும் குறைகளின் பட்டியலில் அந்தப் பக்கம் வராது.

கோப்போடு சேர்த்து ஓரிடத்தில்

விக்கிப்பீடியாக்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் 2019 முதல் ஒவ்வொரு கோப்புக்கும் பல மொழிகளில் சுருக்கமான விளக்கம் எழுதலாம். தரவுக் களஞ்சியமான விக்கித்தரவிலும் படத்துக்கு மொழிவாரியாக விளக்கம் சேர்க்கும் பண்பு உண்டு. மாற்று உரையையும் இவ்வாறு கோப்போடு சேர்த்து ஒருமுறை எழுதிவிட்டால், அந்தப் படத்தைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களும் பெற்றுக்கொள்ளுமே என்ற யோசனை இயல்பாகவே எழும். எழுதும் கைகள் குறைவாக உள்ள விக்கிகளுக்கு இது கவர்ச்சியான யோசனைதான்.

ஆனால் மாற்று உரை படத்தைப் பொறுத்தது மட்டுமன்று, படம் நிற்கும் இடத்தையும் பொறுத்தது. நம் பாம்பன் படம் பாலப் பொறியியல் பற்றிய கட்டுரையில் வந்தால், சட்டகங்கள் எப்படி உயர்ந்து சாய்ந்து நிற்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். இராமேசுவரம் பற்றிய கட்டுரையில் வந்தால், தீவுக்கும் நிலத்துக்கும் இடையே கடலின் மேல் நீண்டு கிடக்கும் ரயில்பாதை என்பதே முதன்மை. கப்பல் வகைகள் பற்றிய கட்டுரையில் வந்தாலோ பாலம் பின்னணி மட்டுமே. மூன்றுக்கும் பொதுவான ஒரே உரையை எழுத முனைந்தால், எந்தக் கட்டுரைக்கும் முழுதாகப் பொருந்தாத ஒன்று கிடைக்கும். ஆகையால் கோப்போடு சேர்ந்த உரையை, எழுதுபவருக்குத் தொகுப்புப் பெட்டியில் காட்டும் பரிந்துரையாக வைத்துக்கொள்ளலாம். அவர் படித்து, திருத்தி, ஏற்ற பிறகே அது பக்கத்துக்குள் வர வேண்டும். கொடிகள், வேதிச் சின்னங்கள் போன்று எங்கு வந்தாலும் ஒரே வேலையைச் செய்யும் படங்களுக்கு மட்டும் விலக்குத் தரலாம்.

நான் பரிந்துரைப்பது

மீடியாவிக்கியில் இயங்கும் ஒரு தமிழ் விக்கி அதன் அடிப்படைக் குறிமொழியை மாற்ற முடியாது. மாற்ற முனைவதும் தேவையற்றது. கட்டுரைக்குள் வரும் முதன்மையான படங்களுக்கு, மூன்றாவது வழியின் தெளிவைத் தரும் வார்ப்புரு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்:

{{படம் |கோப்பு=பாம்பன்.படம் |விளக்கம்=திறக்கப்பட்ட ஷெர்சர் தூக்குப்பகுதி |மாற்றுரை=இரும்புச் சட்டகங்கள் இரண்டு எதிரெதிரே மேலுயர்ந்து நிற்கின்றன}}

இதற்கு ஒரு விலை உண்டு. காட்சித் தொகுப்பி இதைப் படமாகக் கருதாமல் வார்ப்புருவாகவே கருதும். படத்தை இழுத்து நகர்த்தி, ஓரத்தைப் பிடித்து அளவு மாற்றும் வசதி போய்விடும். பொதுவகத்தில் படத்தைத் தேடிச் செருகும் பழகிய வழியும் நேரடியாகப் பயன்படாது. இந்த இழப்பு சிறிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஏற்கத் தக்கது என்றே கருதுகிறேன். வார்ப்புருவின் புலங்களை விவரிக்கும் வார்ப்புருத் தரவு மூலம் மாற்றுரையைக் கட்டாயமான புலம் என்று அறிவித்தால், காட்சித் தொகுப்பி அதைக் கேட்காமல் விடாது. குறிச்சொல்லின் பிழைகளையும் வார்ப்புருவால் கண்டுபிடித்து, முன்தோற்றத்திலேயே எச்சரிக்கை காட்ட முடியும்.

வெறுமைக்கு என்ன பொருள் என்பதுதான் இதில் மிகக் கவனமாக முடிவு செய்ய வேண்டியது. எச்.டி.எம்.எல். இல் வெறுமையான மாற்று உரை என்றால் ‘இந்தப் படத்தைத் தாண்டிச் செல்’ என்று பொருள். வார்ப்புருவிலும் அவ்வாறே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். புலம் இல்லாததையும் புலம் வெறுமையாக இருப்பதையும் வேறுபடுத்த மீடியாவிக்கியால் முடியும். ஆனால் விக்கியர் எழுதும் முறை வேறு. தகவற்பெட்டி போன்றவற்றின் முழு எலும்புக்கூட்டையும் வேறொரு கட்டுரையிலிருந்து படியெடுத்து ஒட்டி, தெரிந்த புலங்களை நிரப்பி, மற்றவற்றை வெறுமையாக விட்டுச் செல்வதே வழக்கம். அவ்வாறு விடப்பட்ட வெறுமையில் எந்த முடிவும் இல்லை. அதை ‘தாண்டிச் செல்’ என்று மென்பொருள் புரிந்துகொண்டால், கட்டுரையின் தலைப்படமே பார்வையற்ற வாசகருக்கு இல்லாமல் போய்விடும். எனவே அலங்காரப் படத்தை வெறுமையால் குறிக்காமல், ‘மாற்றுரை=அலங்காரம்’ என்று வெளிப்படையான சொல்லால் குறிக்க வேண்டும். உரை, அலங்காரம், விடுபட்டது என்று மூன்று நிலைகள். வெறுமை எப்போதும் விடுபட்டதில் சேரும். விடுபட்ட படங்களுக்கு மென்பொருள் வேறெதையும் இட்டு நிரப்பாமல், இணைப்புக்கு ‘படம்: மாற்று உரை எழுதப்படவில்லை’ என்ற சொற்களை மட்டும் தந்து, பக்கத்தை, திருத்த வேண்டியவற்றைத் தொகுக்கும் ஒரு பராமரிப்புப் பகுப்பில் சேர்க்க வேண்டும். கேட்பவருக்கு முகவரியின் இரைச்சலுக்கு மாறாக உண்மை நிலை தெரியும். எழுத விரும்புபவருக்கு வேலைப் பட்டியல் கிடைக்கும்.

முன்தோற்றத்தில் மாற்று உரையைப் படத்தின் அடியில் சிறிய எழுத்தில் காட்டுவதும் அவசியம். ஆங்கிலக் கட்டுரையிலிருந்து குறிமொழியோடு எடுத்துவந்து தமிழாக்கும்போது கண்ணில் படும் படவிளக்கம் தமிழாகிவிடுகிறது. கண்ணில் படாத மாற்று உரை ஆங்கிலத்திலேயே தங்கிவிடுவது உண்டு. என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பானைத் தமிழ்க் குரலில் வைத்துக் கேட்பவருக்கு அந்த ஆங்கில வாக்கியம் தமிழ் ஒலிப்பு விதிகளோடு வந்து சேரும். மாற்று உரைக்குள் மொழியைக் குறிக்க முடியாது என்பதால் இதைக் குறிமொழியால் சரிசெய்ய இயலாது. எழுதுபவர் கண்ணில் பட்டால்தான் சரியாகும்.

படத்தொகுப்புகளுக்கு இந்த வார்ப்புரு ஒத்துவராது. அங்கே ஒரு வரிக்கு ஒரு படம் என்ற மீடியாவிக்கியின் வடிவமே எளிது. அதன் வரிகளிலும் மாற்று விருப்பத்தை எழுதலாம். வரைபடங்களுக்கும் புள்ளிவிவர வரைகோடுகளுக்கும் மாற்று உரையில் படத்தின் முடிவை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, தரவைக் கட்டுரையிலேயே அட்டவணையாகத் தருவது மேல். அது எல்லா வாசகருக்கும் பயன்படும்.

பழைய பக்கங்களைப் பொறுத்தவரை, தானியங்கி நிரல் மூலம் படவிளக்கத்தை மாற்றுரைப் புலத்தில் படியெடுத்து நிரப்பும் யோசனையை ஏற்கக் கூடாது. ஒரே இரவில் பராமரிப்புப் பகுப்பு காலியாகிவிடும். எந்தப் படத்துக்கு ஒருவர் உண்மையாகவே பார்த்து எழுதினார், எதற்கு எழுதவில்லை என்பதைப் பின்னர் பிரித்தறியவும் முடியாது. தானியங்கி பழைய படங்களை வார்ப்புரு வடிவத்துக்கு மாற்றட்டும், மாற்றுரைப் புலத்தை வெறுமையாகவே விடட்டும். நிரப்பும் வேலையை, மிகுதியாகப் படிக்கப்படும் கட்டுரைகளிலிருந்து தொடங்கி, படத்தைப் பார்த்து எழுதும் மனிதர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.